ஆறாவது பாயிண்ட்

அப்பாவுக்கு டாக்டரிடம் போகிற நாள் என்றால் முந்தின இரவே வேலை தொடங்கிவிடும். டெய்லி காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதுவார். மின்வாரியத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர், அதில் பாதிக்கு மேல் சப்ஸ்டேஷனில் ஆபரேட்டர். மணிக்கு ஒருமுறை ரீடிங் எடுத்து லாக் புக்கில் எழுதுவதுதான் அங்கே உத்தியோகம். ஷிஃப்ட் மாறும்போது வருகிறவர் அந்த லாக் புக்கைப் படித்துக் கையெழுத்துப் போடாமல் எதையும் தொடக்கூடாது. அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. தன் உடம்புக்கும் லாக் புக் எழுதுகிறார்.

போன வருடம் ஒரு நாள் ஏழு பாயிண்ட் எழுதியிருந்தார். எங்கள் ஊரில் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த டாக்டரிடம் கூட்டிப்போனேன். டோக்கன் 41. வெளியே செருப்புக் குவியல், உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தம் குறைத்து வைத்த டிவி. எங்களுக்கு முன்னால் டை கட்டிய இரண்டு மருந்துக் கம்பெனி ரெப்புகள் கறுப்புப் பையோடு உள்ளே போய் வந்தார்கள். ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து எங்கள் முறை.

அப்பா ஸ்டூலில் முழுதாக உட்காரக்கூட இல்லை, டாக்டரின் பேனா சீட்டின் மேல் தயாராக இருந்தது. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, "ஒண்ணு, ராத்திரி தூக்கம் சரியா வரல. ரெண்டு, ரெண்டு காலும் வீங்குது, சாயங்காலம் அதிகமா" என்றார். அவர் மூன்று என்று சொல்வதற்குள் டாக்டர் எழுதத் தொடங்கிவிட்டார். பெருவிரலால் கணுக்காலை அழுத்திப் பார்த்தார், அதற்கு ஒரு இரண்டு வினாடி ஆகியிருக்கும். "நீர் கோத்திருக்கு. ஒரு மாத்திரை தர்றேன், காலைல ஒண்ணு." மணியை அடித்தார். கதவு திறந்து டோக்கன் 42 எட்டிப் பார்த்தாயிற்று. அப்பா தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முன்னூறு ரூபாய்.

வெளியே வந்ததும், "ஃபால்ட் எங்கேன்னு பார்க்காமலே ஃபியூஸ் போடுறார்" என்றார். நான் சிரித்தேன்.

மூன்று வாரம் கழித்து அப்பா ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்க ஆரம்பித்தார். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டோம். ஒரு நாள் விடிகாலை பாத்ரூமில் விழுந்துவிட்டார். எலும்பு ஒன்றும் முறியவில்லை, ஆனால் பேச்சு குழறியது. பக்கவாதமோ என்று பயந்து அரசு மருத்துவமனைக்குத்தான் ஓடினோம், அந்த நேரத்தில் ஸ்கேன் எடுக்கிற இடம் அது ஒன்றுதான். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ரத்தப் பரிசோதனையில் சோடியம் 118. குறைந்தபட்சம் 135 இருக்க வேண்டுமாம்.

அங்கேதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். முதுநிலை முதல் வருட மாணவி, இருபத்தாறு வயது இருக்கலாம். கோட் பையில் பாதி சாப்பிட்ட பிஸ்கட் பாக்கெட், கண்ணுக்குக் கீழே கருவளையம். முந்தின நாள் காலையிலிருந்து டியூட்டியில் இருப்பதாக நர்ஸம்மா சொன்னார். "தாத்தா என்னென்ன மாத்திரை சாப்பிடுறார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அம்மா வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த கூடைப்பைக்குள் மாத்திரை அட்டைகளோடு மடித்த காலண்டர் தாள்களும் இருந்தன. அந்தப் பெண் அவற்றைப் பிரித்துப் படித்தார். நின்றபடியே, பக்கத்துப் படுக்கையில் ஒருவர் இருமிக்கொண்டிருக்க, ஏழு பாயிண்டையும் படித்தார். பிறகு விரலை ஓரிடத்தில் வைத்து என்னிடம் காட்டினார்.

ஆறாவது பாயிண்ட் இது: "பிபி மாத்திரை 5-ல் இருந்து 10 ஆக்கியது 12ந் தேதி. கால் வீக்கம் முதலில் பார்த்தது 24ந் தேதி."

அம்லோடிபின் என்கிற அந்த ரத்த அழுத்த மாத்திரைக்குக் கணுக்கால் வீங்குவது எல்லோருக்கும் தெரிந்த பக்கவிளைவு, அளவு கூடினால் வீக்கமும் கூடும். மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் தேர்வில் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற பதில். அந்த வீக்கத்துக்கு, காரணம் கேட்காமல், நீர் பிரிகிற மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை சோடியத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது. சோடியம் குறைந்ததால் தடுமாற்றம், விழுந்தது, குழறல் எல்லாம். ஒரு மாத்திரையின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து இன்னொரு மாத்திரை கொடுப்பது உலகம் முழுக்க நடக்கிற தவறுதான். ஆனால் இங்கே நோயாளியே காரணத்தைத் தேதி போட்டு எழுதிக் கையில் கொண்டுபோயிருந்தார். (இதைப் படித்துவிட்டு யாரும் பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். அவர் நாலாவது பாயிண்ட் வரைக்குமாவது கேட்பவராக இருக்கட்டும்.)

"வீட்ல ஒருத்தரும் இதைப் படிச்சுப் பார்க்கலையா?" என்று அந்தப் பெண் கேட்டார். கொஞ்சம் கோபமாகவே கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்த ஒன்றேமுக்கால் மணி நேரமும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், தாள் ஒரு சாண் தூரத்தில் அவர் பையில் இருந்தது.

சோடியத்தை வேகமாக ஏற்றக்கூடாதாம், ஏற்றினால் மூளைக்கே ஆபத்து என்று மெதுவாக, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து ஏற்றினார்கள். நான்காம் நாள் அப்பா வார்டு ஃபேனின் சத்தத்தை வைத்து அதன் பேரிங் போய்விட்டது என்று கண்டுபிடித்துச் சொன்னபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

இது நடந்ததிலிருந்து ஒன்றை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். டாக்டர்களுக்கு இரக்கமே இல்லை என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், கல்யாண வீட்டுப் பந்தியில் ஆரம்பித்தால் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். சரி, அந்தக் கிளினிக் டாக்டர் இரக்கமில்லாதவரா? எங்கள் தெருவிலேயே காசில்லாதவர்களிடம் அவர் ஃபீஸ் வாங்காமல் விட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த முதுநிலை மாணவி இரக்கமானவரா? எங்களிடம் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை, அப்பாவை அதட்டினார், தண்ணீர் கேட்ட அம்மாவிடம் "அளவாத்தான் குடிக்கணும்னு சொன்னேன்ல" என்று எரிந்து விழுந்தார். ஆனால் அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்த ஆளுக்கு ஏன் கால் வீங்கியது, ஏன் சோடியம் இறங்கியது என்று ஒரு குடைச்சல் இருந்தது. அந்தக் குடைச்சல்தான் அப்பாவைக் காப்பாற்றியது. தொழில்மேல் இருக்கிற ஆர்வமும் மனிதர்மேல் இருக்கிற பரிவும் இரண்டு தனித்தனிச் சரக்கு என்று நினைத்திருந்தேன், இப்போது அப்படித் தோன்றவில்லை. "ஏன்?" என்று கேட்பதை ஒரு டாக்டர் நிறுத்துகிற இடத்தில் இரண்டும் சேர்ந்தே போய்விடுகின்றன.

அப்படியானால் அந்தக் கேள்வி எங்கே செத்துப்போகிறது?

என் சித்தப்பா மகள் டாக்டர். பத்தாவதில் நல்ல மார்க், அதனால் பயாலஜி குரூப், அதனால் நீட். டாக்டராக வேண்டுமா என்று அவளை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை, நானும் கேட்கவில்லை. மார்க் வந்திருக்கிறது, சீட் கிடைக்கிறது, அதை விட்டுவிட்டு வேறென்ன படிப்பது என்பதுதான் வீட்டின் தர்க்கம். 2024ல் 23 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் நீட் எழுதினார்கள், எம்.பி.பி.எஸ். இடங்கள் நாடு முழுக்க ஒரு லட்சத்துச் சொச்சம். அந்த வருடம் முதலில் வந்த முடிவில் 67 பேர் 720க்கு 720. இப்படி ஒரு தேர்வு யாரைத் தேர்ந்தெடுக்கும்? நான்கு விடைகளில் சரியானதை ஒரு நிமிடச் சொச்சத்துக்குள் கண்டுபிடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகத் தெரிந்தவரை. கிளினிக்கில் நான் பார்த்ததும் கிட்டத்தட்ட அதுதான். கால் வீக்கமா, நீர் மாத்திரை, அடுத்த கேள்வி.

ஐந்தரை வருடப் படிப்பில் கடைசி ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன் காலம். புத்தகத்தை மூடிவிட்டு நோயாளியைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்கென்றே வைத்த வருடம். தங்கச்சியிடம் கேட்டேன், அந்த வருடம் எப்படிப் போனது என்று. "ரத்தம் எடுக்கிறது, சாம்பிளை லேபுக்குத் தூக்கிட்டு ஓடறது, பிளட் பேங்க்ல நிக்கிறது, ஸ்ட்ரெச்சர் தள்ளறது. நேரம் கிடைச்சா லைப்ரரி. நீட் பிஜி இருக்குல்ல அண்ணா" என்றாள். முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு அது. எம்.பி.பி.எஸ். மட்டும் வைத்துக்கொண்டு இன்றைக்கு மரியாதையாகப் பிழைக்க முடியாது என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, அந்தப் பிள்ளைகள் வார்டில் நிஜ நோயாளிகளை விட்டுவிட்டு ஆப்பில் இருக்கிற கற்பனை நோயாளிகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். "55 வயது ஆண், இரண்டு கால்களிலும் வீக்கம்" என்று தொடங்கும் கேள்விக்கு அவர்கள் சரியாக விடை எழுதியிருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு முதுநிலை. 1992ம் வருடத்து முதுநிலை டாக்டர்களுக்கான மத்திய அரசின் ரெசிடென்சி விதிகளிலேயே, தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று இருக்கிறது. முப்பது வருடம் தாண்டிவிட்டது. தங்கச்சி 36 மணி நேர டியூட்டி என்று சொல்லும்போது அதில் புகார் தொனிகூட இருக்காது, மழை பெய்தது என்பதுபோலச் சொல்வாள். ஒன்று சொன்னாள், அதை மறக்க முடியவில்லை. முதல் மாதம் ஒரு பையன் இறந்தபோது அவன் அம்மாவோடு சேர்ந்து இவளும் அழுதிருக்கிறாள். எட்டாம் மாதம் இதேபோல் ஒருத்தர் இறந்தபோது, சொந்தக்காரர்கள் அழுது முடிக்கிறவரைக்கும் ஃபார்மில் கையெழுத்து வாங்க முடியவில்லையே, இன்னும் நான்கு அட்மிஷன் காத்திருக்கிறதே என்று எரிச்சல் வந்ததாம். "எரிச்சல் வந்ததுக்கு அப்புறம்தான் பயமா இருந்துச்சு. நான் என்ன ஆயிட்டேன்னு." பயந்தாளே, அதுவே பெரிது என்று தோன்றியது, ஆனால் அவளிடம் சொல்லவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள வியாதியும் இல்லை. அமெரிக்காவில் மருத்துவ மாணவர்களை வருடா வருடம் தொடர்ந்து பார்த்து 2009ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மூன்றாம் வருடத்தில் அவர்களின் பரிவு சரிவதாகச் சொன்னது. மூன்றாம் வருடம் என்பது அவர்கள் நிஜமான நோயாளிகளிடம் போகத் தொடங்குகிற வருடம். இங்கே 2019ல் பாடத்திட்டத்தை மாற்றியபோது மனப்பான்மை, நெறிமுறை, தகவல் சொல்லும் முறை ஆகியவற்றைத் தனிப் பாடமாகவே சேர்த்தார்கள். நல்லதுதான். ஆனால் காலையில் வகுப்பில் கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்வது எப்படி என்று படித்துவிட்டு, பத்து மணிக்கு வார்டுக்குப் போனால், அங்கே பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் ஒரு கிழவியைப் பார்த்து "ஏம்மா, இத்தனை நாள் தூங்கிட்டு இருந்தியா?" என்று கத்துகிறார். பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

நேரம் இல்லை என்பார்கள். அது பொய் இல்லை. 67 நாடுகளில் ஒரு நோயாளிக்கு டாக்டர் எத்தனை நிமிடம் ஒதுக்குகிறார் என்று தொகுத்து 2017ல் ஓர் ஆய்வு வந்தது. ஸ்வீடனில் இருபத்திரண்டரை நிமிடம், இந்தியாவில் சுமார் 2 நிமிடம், பங்களாதேஷில் 48 வினாடி. அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் காலையில் ஒரு டாக்டர் முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தால் 2 நிமிடமே பெருந்தன்மையாகத் தெரியும். ஆனால் சாயங்காலம் சொந்தக் கிளினிக்கில் எண்பது டோக்கன் கொடுப்பது யாருடைய முடிவு? அங்கே கூட்டத்தைக் குறைத்தால் வருமானம் குறையும், அதுதான் விஷயம். ரெப்புக்கு நேரம் இருந்தது, இரண்டு ரெப்புக்கு இருந்தது. நேரமில்லை என்கிற பேச்சில் எனக்குப் பாதி நம்பிக்கைதான் உண்டு.

பணத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் எம்.பி.பி.எஸ். ஆண்டுக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டுகிற இடங்கள் இருக்கின்றன. அப்படிப் படித்து வருகிற பிள்ளைக்கு நோயாளி முதலில் கடன் தவணையாகத்தான் தெரிவார். ஸ்கேன் சென்டரிலிருந்து கமிஷன் வாங்கக்கூடாது என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ம் வருட விதியே சொல்கிறது. கவர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது என்பதை எந்த ஊரிலும் சென்டர் ஆட்களே டீக்கடையில் சொல்வார்கள். சில பெரிய ஆஸ்பத்திரிகளில் ஓ.பி. நோயாளிகளில் எத்தனை பேரை அட்மிஷன் ஆக்கினாய் என்று டாக்டரிடம் கணக்குக் கேட்கிற மீட்டிங்கே உண்டு, அதற்குக் கன்வர்ஷன் என்று பெயர். சேல்ஸ்மேனுக்கு வைக்கிற வார்த்தையை ஒருவனுக்கு வைத்துவிட்டு அவனிடம் கருணை இல்லையே என்றால் எப்படி?

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஐந்து ரூபாய் டாக்டரை எடுத்துக்கொண்டு வருவார்கள். வியாசர்பாடியில் 5 ரூபாய்க்கு வைத்தியம் பார்த்த திருவேங்கடம் வீரராகவன் 2020ல் இறந்தபோது வாட்ஸப் முழுக்க அவர் படம்தான். அவர் பெரிய மனிதர், அதில் பேச்சே இல்லை. ஆனால் இந்த மகான் கதைகளைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். ஒருவரைச் சாமியாக்கிவிட்டால் மற்ற டாக்டர்கள் சாதாரண மனிதர்களாக இருந்துகொண்டே ஒழுங்காக வேலை பார்க்க என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி அமுங்கிப்போகிறது.

எனக்கு அதிகம் பிடித்தது தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியில் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் செய்தது. 1993ல் அந்த மலைப்பள்ளத்தாக்குக்குப் போனார்கள், ஒருவர் மயக்க மருந்து படித்தவர், ஒருவர் மகப்பேறு. ஒரு குடிசையில்தான் ஆஸ்பத்திரி ஆரம்பம். அப்போது அங்கே ஆயிரம் குழந்தை பிறந்தால் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. ஏன் சாகின்றன என்று கேட்டார்கள். கேட்டதால்தான் ஆஸ்பத்திரிக்கு வெளியே போக வேண்டியிருந்தது, ஊர்ப் பெண்களுக்கே சுகாதாரப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது, பிறகு விவசாயம், துணி என்று எங்கெங்கோ இறங்க வேண்டியிருந்தது. அதைத் தியாகம் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போவது சுலபம். ஒரு "ஏன்?" அவர்களை விடாமல் இழுத்துக்கொண்டு போனது என்றுதான் எனக்குப் படுகிறது.

நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1995ல் உச்ச நீதிமன்றம் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது, அது தேவையாகவே இருந்தது. ஆனால் நாமும் அப்புறம் முழு நுகர்வோர் ஆகிவிட்டோம். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் நீண்ட டியூட்டிக்கு நடுவே செமினார் அறையில் ஓய்வெடுக்கப் போன பெண் டாக்டர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டதைப் படித்துவிட்டு தங்கச்சி இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அதே வருடம் நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் டாக்டர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினான். அன்றைக்குக் கமெண்டுகளில் குத்தியவனுக்கு ஆதரவாக எத்தனை பேர் எழுதியிருந்தார்கள் என்று பார்த்தேன். அவர்களில் பலருக்கும் ஒரு டோக்கன் 41 கதை இருந்திருக்கும். அதற்காக அது நியாயம் ஆகிவிடாது. கதவுக்கு வெளியே இருப்பவன் எப்போது அடிப்பானோ என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிற டாக்டர் நிதானமாக ஆறாவது பாயிண்ட் வரைக்கும் கேட்கவும் மாட்டார்.

இரண்டு வாரம் கழித்து ரிவ்யூவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டார், அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்று அம்மா முறுக்கு சுட்டு டப்பாவில் போட்டிருந்தாள். காலண்டர் தாள் தயார், இந்தத் தடவை நான்கே பாயிண்ட். பஸ்ஸில் போகும்போது நானும் வாங்கிப் படித்தேன். மூன்றாவதாக "நன்றி சொல்ல வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

அந்தப் பெண் அங்கே இல்லை. வேறு யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்களாம், எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவர் இடத்தில் ஒரு பையன் இருந்தான், அவனுக்கும் அதே கருவளையம். அப்பா தாளை எடுத்து நீட்டினார். அவன் வாங்கவில்லை, ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிப் பார்த்து, "சோடியம் நார்மல், அதே மாத்திரை கன்டினியூ பண்ணுங்க" என்று சீட்டில் எழுதிவிட்டு அடுத்தவரைப் பார்த்தான். மாத்திரை சரிதான், தவறாக ஒன்றும் எழுதவில்லை. முறுக்கு டப்பாவை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

"ஷிஃப்ட் மாறிருச்சு" என்றார் அப்பா, பஸ் ஸ்டாண்டில். அவ்வளவுதான் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் அன்றைய தேதியைக் கிழித்தார், திருப்பிப் போட்டார், பென்சில் எங்கே என்று அம்மாவைக் கேட்டார்.